பள்ளி மதிப்பெண் எதுவரை பின்தொடரும்?

2020 ஜூன் மாதம் என் மகன் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவனுடைய ஜிபிஏ, அதாவது 4-ஐ உச்சமாகக் கொண்ட சராசரி மதிப்பெண், 2.7. கொரோனா காரணமாக, பட்டமளிப்பு என்ற பெயரில் பள்ளி வாசலில் காரை நிறுத்தி, சன்னல் வழியே ஓர் உறையை நீட்டினார்கள். அந்த உறைக்குள் இருந்த மதிப்பெண் பட்டியலை நான் வீட்டுக்கு வரும்வரை பிரிக்கவில்லை. பிரித்த பிறகு பல நாட்கள் வேறு எதையும் நினைக்கவும் முடியவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் ஒருவருடைய தலையெழுத்து என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவள் நான். கலிஃபோர்னியாவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த பிறகும் அந்த நம்பிக்கை என்னைவிட்டுப் போயிருக்கவில்லை.

பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் தரும் கம்யூனிட்டி கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படித்துவிட்டு, 2023 இலையுதிர்காலத்தில் அவன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) டேவிஸ் வளாகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவனாகச் சேர்ந்தான். இடையில் நானும் அவனும் கற்றுக்கொண்டவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். தெரிந்தவர்கள் யாராவது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையேனும் தொலைபேசியில் அழைத்து, "ஹைஸ்கூல் மார்க் கம்மி, டிரான்ஸ்ஃபருக்கு அதைப் பார்ப்பார்களா?" என்று கேட்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் என்பது பாதிப் படிப்பில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. பார்ப்பார்கள் என்றும் பார்க்கமாட்டார்கள் என்றும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. எந்தக் கல்லூரிக்கு, எத்தனை யூனிட்டுகளை (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு; சில இடங்களில் கிரெடிட் என்பார்கள்) முடித்த நிலையில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அதைவிட முக்கியமாக, பள்ளிப் பட்டியலில் இல்லாத ஒரு பள்ளிக்கால மதிப்பெண்தான் எங்களைப் படுத்தியது. அதைப் பற்றி எங்களிடம் யாருமே சொல்லவில்லை.

முதலில் யூசி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் ஆண்டு மாணவராக மாறிச் செல்ல 60 செமஸ்டர் யூனிட்டுகள் வேண்டும். ஆங்கிலக் கட்டுரை எழுத்தில் இரண்டு, கணிதத்தில் ஒன்று, பிற துறைகளில் நான்கு என ஏழு பாடங்களை முடித்திருக்க வேண்டும். மாநிலவாசிகளுக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ 2.4, போட்டி மிகுந்த பாடப்பிரிவுகளில் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை என்பது வேறு விஷயம். இந்த நிபந்தனைகளில் எங்கும் பள்ளி ஜிபிஏ வருவதில்லை. விண்ணப்பத்தில் படித்த பள்ளியின் பெயரைக் கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் வடிவியலில் என்ன வாங்கினாய் என்று கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. பள்ளி மதிப்பெண் என்பது ஒரு மாணவர் கல்லூரியில் எப்படிப் படிப்பார் என்பதைப் பற்றிய முன்கணிப்புதான். இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் படித்துக் காட்டியவரிடம் முன்கணிப்பு எதற்கு?

மாறிவரும் மாணவர்களில் கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கே யூசி முதல் முன்னுரிமை தருகிறது. அந்தக் கல்லூரிகளோ பதினெட்டு வயது நிரம்பிய எவரையும் பள்ளி மதிப்பெண் பார்க்காமல் சேர்த்துக்கொள்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். ஆக, 2.7 வாங்கிய பையனுக்கு வாசல் மூடவில்லை என்று அந்தக் கோடையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதி கொஞ்சம் அவசரப்பட்டது.

பள்ளிப் பட்டியல் முதன்முதலில் தலைகாட்டியது கணிதத்தில். முன்பெல்லாம் கம்யூனிட்டி கல்லூரியில் சேரும்போது தனியே ஒரு தேர்வு வைத்து எந்தக் கணித வகுப்பில் உட்காரலாம் என்று முடிவு செய்வார்கள். 2017-இல் நிறைவேறிய ஏபி 705 என்ற மாநிலச் சட்டம் அந்த வழக்கத்தை மாற்றி, பள்ளியில் எடுத்த பாடங்களையும் அங்கு வாங்கிய கிரேடுகளையும் கொண்டே மாணவர்களை வகுப்புகளில் அமர்த்தச் சொன்னது. தேர்வுக்குப் பயந்த பல்லாயிரம் பேருக்கு அது நல்ல காரியம் செய்தது என்றே நினைக்கிறேன். தேவையில்லாத அடிப்படை வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தவர்கள் அதனால் விடுபட்டார்கள். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்ட என் மகன் நேராகக் கால்குலஸில் உட்கார முடியவில்லை. ஒரு படி கீழே, பிரீ-கால்குலஸில் தொடங்கினான். அவன் தேர்ந்தெடுத்த பாடப்பிரிவு கணிதம் அதிகம் வேண்டியது. முதல் கால்குலஸ், இரண்டாம் கால்குலஸ், பல மாறிகளின் கால்குலஸ், நேரியல் இயற்கணிதம் என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்ற சங்கிலி அது. கீழே ஒரு படியில் தொடங்கினால் மேலே போய்ச் சேரவும் அதே அளவு தாமதமாகும். நடுவில் ஒரு வகுப்பில் இடம் கிடைக்காமல் போனதும் சேர்ந்துகொள்ள, இரண்டு ஆண்டுகள் மூன்றானதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். எந்தப் பல்கலைக்கழகமும் அவனுடைய பள்ளிக் கணித மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த மதிப்பெண் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டது.

இனி, எங்களைப் படுத்திய அந்த மதிப்பெண்ணுக்கு வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்தில், 2018-இல், பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் ஒன்றை எடுக்கலாம் என்று பள்ளி கவுன்சலர் பரிந்துரைத்தார். டூயல் என்ரோல்மென்ட் என்பார்கள். பெற்றோர் கையெழுத்தும் பள்ளி முதல்வரின் கையெழுத்தும் இருந்தால் போதும், கட்டணம்கூட இல்லை. "எடுத்துப் பார்க்கட்டும், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம்" என்று அந்தக் கவுன்சலர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் கையெழுத்திட்டேன். உளவியல் அறிமுகம், மூன்று யூனிட், முழுவதும் இணையவழி. ஆறாவது வாரத்தில் மகன் அதில் நுழைவதையே நிறுத்திவிட்டான். விட்டுவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான், முறைப்படி விலகவில்லை. விலகுவதற்கான கடைசித் தேதி கடந்துபோயிற்று. அந்தத் தேதிக்குள் விலகியிருந்தால் ஒரு 'டபிள்யூ' விழுந்திருக்கும், அது ஜிபிஏவைத் தொடாது. விலகாததால் விழுந்தது எஃப், அதாவது தோல்வி.

இது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். 1974-இல் வந்த ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டம் மாணவர்களின் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதை வரையறுக்கிறது. பள்ளியில் இருக்கும்வரை, பதினெட்டு வயது ஆகும்வரை, அந்த உரிமை பெற்றோருடையது. ஆனால் மாணவர் ஒரு கல்லூரியில் சேர்ந்த நிமிடத்தில், வயது எதுவானாலும், அந்தக் கல்லூரிப் பதிவைப் பொறுத்தவரை உரிமை அவருடையதாகிவிடுகிறது. பதினாறு வயதில் பேருந்துக் கட்டணத்துக்கு என்னிடம் கை நீட்டிய பையன், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் சட்டத்தின் பார்வையில் தன்னுரிமை பெற்ற மாணவன். கல்லூரி அனுப்பிய எச்சரிக்கைகள் அவனுக்கென்று உருவாக்கப்பட்ட கல்லூரி மின்னஞ்சலுக்குப் போயின. அந்த மின்னஞ்சலை அவன் இருமுறைக்கு மேல் திறந்ததில்லை. பள்ளிப் பட்டியலிலும் அந்தப் பாடம் ஏறவில்லை. நான்கு ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

படித்த கம்யூனிட்டி கல்லூரி வேறு, எஃப் வாங்கிய கல்லூரி வேறு என்பதால் அவனுடைய அன்றாடப் பட்டியலிலும் அது தெரியவில்லை. 2022 செப்டம்பரில் யூசியின் டேக் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் வெளியே வந்தது. டேக் என்பது டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதேனும் ஒன்றில், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதித் தரும் ஏற்பாடு. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் இதில் இல்லை. விண்ணப்பப் படிவம், இதுவரை பதிவு செய்த எல்லாக் கல்லூரிகளையும் குறிப்பிடு என்றது. பள்ளிக் காலத்தில் எடுத்தவையும் அதில் அடக்கம்.

அன்று இரவு அவன் என்னிடம் கேட்டான்: "அம்மா, அதை எழுதாமல் விட்டுவிட்டால் என்ன?"

கேட்டதற்காக அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் ஒரு நொடி அந்த எண்ணம் வந்ததுதான். ஆனால் நேஷனல் ஸ்டூடன்ட் க்ளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பிடம் நாட்டின் பெரும்பாலான கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் சேர்க்கை விவரங்களை அனுப்புகின்றன; யார் எங்கே எப்போது பதிவு செய்திருந்தார் என்பதை ஒரு பல்கலைக்கழகம் விரும்பினால் அங்கே பார்த்துக்கொள்ள முடியும். மறைத்தது பின்னால் தெரிந்தால், கொடுத்த இடத்தையே திரும்பப் பெறலாம். மோசமான மதிப்பெண்ணால் ஒரு வளாகம் தவறிப்போகலாம். மறைப்பதால் எல்லாமே போய்விடலாம். எழுதினோம்.

பிறகு கணக்குப் போட்டோம். அதுவரை முடித்த 57 யூனிட்டுகளில் அவனுடைய ஜிபிஏ சரியாக 3.5, அதாவது 57-ஐ 3.5-ஆல் பெருக்க 199.5 புள்ளிகள். எஃப்புக்குப் புள்ளி சுழியம்; ஆனால் அதன் மூன்று யூனிட்டுகள் கீழே சேரும். 199.5-ஐ 60-ஆல் வகுத்தால் 3.325. அந்த ஆண்டு அர்வைன் டேக்குக்கு 3.4 கேட்டது, டேவிஸ் 3.2 கேட்டது. அவன் விரும்பியது அர்வைன். பதினாறு வயதில் ஆறு வாரம் படித்து மறந்துபோன ஒரு பாடம், பத்தொன்பது மாதங்கள் கண்விழித்துச் சேர்த்த மதிப்பெண்ணிலிருந்து 0.175 புள்ளியைக் கழித்துக்கொண்டு போனதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்திருக்கலாம். கலிஃபோர்னியக் கம்யூனிட்டி கல்லூரிகளில் டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் புதிய கிரேடு ஜிபிஏ கணக்கில் பழையதன் இடத்தைப் பிடிக்கும். பழைய வரி பட்டியலிலிருந்து அழியாது, கணக்கில் மட்டும் சேராது. செப்டம்பர் மாதத்தில் அதற்கு நேரமில்லை. டேவிஸுக்கு விண்ணப்பித்தான்; கிடைத்தது. இப்போது அவனுக்கு டேவிஸ் மிகவும் பிடித்திருக்கிறது என்பதால் இது எங்கள் வீட்டில் ஓரளவு சிரித்துக்கொண்டே பேசக்கூடிய கதையாகிவிட்டது. எல்லா வீடுகளிலும் அப்படி ஆகாது.

தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கு முற்றிலும் வேறு. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், யூஎஸ்சி ஆகியவை மாறிவரும் மாணவர்களிடமும் பள்ளி மதிப்பெண் பட்டியலைக் கேட்கின்றன. எங்கள் குடும்ப நண்பர் ஒருவரின் மகள் பள்ளியில் சுமாராகப் படித்து, வேறொரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதல் செமஸ்டரிலேயே 4.0 வாங்கினாள். அந்த உற்சாகத்தில் மார்ச் மாதமே மூன்று தனியார் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். மூன்றிலும் இடமில்லை என்று வந்தபோது நண்பர் என்னிடம், "ஸ்ட்ரெய்ட் ஏ வாங்கியிருக்கிறாளே, இன்னும் என்னம்மா வேண்டும் இவர்களுக்கு?" என்று ஆற்றாமையோடு கேட்டார். நான் அவரிடம் சொன்னது இதைத்தான்: "அண்ணா, அவர்கள் கையில் கல்லூரியிலிருந்து நான்கைந்து கிரேடுகள் இருக்கின்றன, பள்ளியிலிருந்து நான்கு ஆண்டுகளின் கிரேடுகள் இருக்கின்றன. எதை அதிகம் நம்புவார்கள்?" அடுத்த ஆண்டு, 45 கிரெடிட்டுகள் சேர்ந்த பிறகு மறுபடி விண்ணப்பித்தாள், அதே மூன்றில் ஒன்று எடுத்துக்கொண்டது. காரணத்தை எந்தக் கல்லூரியும் எழுதித் தருவதில்லை என்பதால் இது என் ஊகம்தான், ஆனால் பள்ளிப் பட்டியல் இடையில் மாறவில்லை. மாறியது அதற்கு எதிரே நின்ற கல்லூரிப் பட்டியலின் நீளம்தான்.

இந்தத் தர்க்கத்தைச் சில அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. பல மாநிலங்களில் 24 அல்லது 30 கிரெடிட்டுகளுக்குக் குறைவாக முடித்தவர்கள் பள்ளிப் பட்டியலையும் அனுப்ப வேண்டும்; அதற்கு மேல் முடித்தவர்கள் அனுப்பத் தேவையில்லை. கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி அமைப்பில் 60 யூனிட்டுகளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு மாற நினைப்பவர், புதிதாகச் சேரும் முதலாண்டு மாணவருக்கு உரிய பள்ளித் தகுதிகளையும் நிறைவேற்றியிருக்க வேண்டும்; அப்படிப்பட்டவர்களைப் பல வளாகங்கள் சேர்த்துக்கொள்வதே இல்லை. 60-ஐத் தாண்டிவிட்டால் 2.0 ஜிபிஏவும், பேச்சு, எழுத்து, தர்க்கச் சிந்தனை, கணிதம் என்ற நான்கு அடிப்படைப் பாடங்களும் பொதுத் தகுதிக்குப் போதும். பள்ளி பின்னுக்குப் போய்விடும். ஃப்ளோரிடாவில், அங்குள்ள அரசுக் கல்லூரி ஒன்றில் ஏஏ என்ற இரண்டாண்டுப் பட்டம் முடித்தவருக்கு மாநிலத்தின் பன்னிரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏதோ ஒன்றில் இடம் உறுதி, விரும்பியதில்தான் என்று உறுதியில்லை. பள்ளியில் சறுக்கியவர், ஓர் ஆண்டிலேயே ஓடிவிடாமல் இரண்டு ஆண்டுகளை நிறைவு செய்வதே நல்லது என்று நான் கேட்பவர்களிடம் சொல்வது இதனால்தான். பிரின்ஸ்டன் 1990-லிருந்து 2018 வரை மாறிவருபவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். அந்தக் காலத்தில் எந்தப் பட்டியலாலும் அந்த வாசலைத் திறந்திருக்க முடியாது.

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். பள்ளியில் 4.3 வாங்கிய பிள்ளை கல்லூரியில் 2.6-க்கு இறங்கியபோது, இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சமாளித்துவிடலாம் என்று அவனுடைய பெற்றோர் நினைத்தார்கள். பள்ளி ஜிபிஏவும் கல்லூரி ஜிபிஏவும் எங்கும் கலக்கப்படுவதில்லை. கடினமான பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்து 4-ஐத் தாண்டவைத்த பள்ளி எண்ணுக்குக் கல்லூரிக் கணக்கில் இடமே கிடையாது.

பள்ளியிலிருந்து உடன் வரும் சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று ஏபி தேர்வு, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடங்களைப் படித்து எழுதும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வு. முதல் கல்லூரி ஒரு ஏபி மதிப்பெண்ணுக்கு கிரெடிட் தந்திருந்தால், அது இரண்டாவது கல்லூரிக்குத் தானாகக் கைமாறாது. அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிடமிருந்து மதிப்பெண்ணை மறுபடி அனுப்பச் செய்ய வேண்டும், புதிய கல்லூரி தன் விதிப்படி புதிதாக மதிப்பிடும். யூசி, 5-க்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கிய மதிப்பெண்களை ஏற்று யூனிட்டுகள் தருகிறது. கறாரான தனியார் கல்லூரிகள் 5 கேட்கும், சில எதுவுமே தராது.

மற்றொன்று மொழி. என் மகன் காலத்தில் யூசிக்குச் செல்பவர்கள் ஐஜெட்ஸி என்ற பொதுப் பாடத் தொகுப்பை முடிப்பது வழக்கம். அதில் ஆங்கிலமல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். பள்ளியில் ஒரே மொழியை இரண்டு ஆண்டுகள் படித்துத் தேறியிருந்தால் அதுவே போதும். அவன் பள்ளியில் இரண்டாம் ஆண்டு ஸ்பானிஷில் வாங்கியது ஒரு சி. அந்த சி-க்காக அன்று வீட்டில் நடந்த சண்டையை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவனுடைய பள்ளிப் பட்டியலில் கல்லூரி அதிகாரபூர்வமாகப் பயன்படுத்திக்கொண்டு, ஒரு செமஸ்டர் வேலையை மிச்சப்படுத்திய வரி அது. 2025 இலையுதிர்காலம் முதல் ஐஜெட்ஸியின் இடத்தில் கால்-கெட்ஸி என்ற புதிய தொகுப்பு வந்துவிட்டது. அதில் மொழிக்கெனத் தனிப் பகுதி இல்லை. எனவே இப்போது தொடங்குபவர்கள் எங்கள் அனுபவத்தை அப்படியே பின்பற்றாமல், தாங்கள் சேரப்போகும் பாடப்பிரிவுக்கு என்ன வேண்டும் என்பதை, எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

சென்ற ஆகஸ்டில், பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும் மகள், அண்ணன் கொண்டுவந்ததைப் போன்ற ஒரு டூயல் என்ரோல்மென்ட் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வானியல் அறிமுகம், மூன்று யூனிட். கையெழுத்திடுவதற்கு முன் அவளை உட்காரவைத்து, அந்தக் கல்லூரியின் நாட்காட்டியைத் திறந்து, 'டபிள்யூ'வுடன் விலகுவதற்கான கடைசித் தேதியைத் தேடச் சொன்னேன். அவள் அதைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டாள். நான் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினேன். டேவிஸிலிருந்து வார இறுதிக்கு வந்திருந்த அவளுடைய அண்ணன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், ஒரு பேனாவை எடுத்துத் தேதிக்கு அடியில் இன்னொரு கோடு போட்டான்.